மூன்றாவது ஜனாதிபதியும் வேலைக்காரர் என்ற சொல்லும்

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியை என் உத்தியோக காலத்தில் மூன்று தடவை விசாரித்திருக்கிறேன். அமெரிக்காவுக்கு நான் போனது ஒரேயொரு தடவை, மச்சாளின் கலியாணத்துக்கு, பஃபலோவுக்கு. அங்கே மழை பெய்தது. ஜனாதிபதியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதை எழுதச் சொன்னவள் நிவேதா. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பொதுநூலகக் கிளையில் நான் விட்டுவந்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். புத்தகங்கள் பற்றிய முறைப்பாடுகள் இப்போது இணையத்தில் வந்து குவிகின்றனவாம். பாதிப்பேர் புத்தகத்தைக் கையால் தொடாமலே எழுதுகிறார்களாம். "அன்ரி, நீங்க அந்த பிரெசிடென்ற் கேஸை எப்பிடி ஹாண்டில் பண்ணினீங்க? ஜஸ்ற் எழுதி அனுப்புங்கோ, ப்ளீஸ்" என்று கேட்டாள். "ஓம், பாப்பம்" என்றேன். நேரமில்லை என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன்.

நான் நூலகத்துக்கு வந்த கதை சுருக்கமானது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, டோனட் கடையில் கொஞ்சக் காலம், பிறகு ஒரு கிளை நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களைத் தட்டில் அடுக்கும் வேலை. மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தேன். படித்ததில் பாதி பிறகு வழக்கொழிந்தது. கடைசியில் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பொறுப்பாளர் ஆனேன். முறைப்பாடு விசாரிக்கும் குழுவிலும் போட்டார்கள். நான் அதிகம் பேசமாட்டேன் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் குழுவின் நடைமுறையை நிவேதாவுக்காகச் சொல்கிறேன். ஒரு வாசகர் ஒரு புத்தகத்தை நீக்கும்படி எழுதிக் கொடுத்தால், குழுவில் இருக்கும் மூவரும் அந்தப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை வாசிக்கவேண்டும். பிடித்ததா என்பது கேள்வியில்லை. இருக்கட்டும், இடம் மாறட்டும், போகட்டும். இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்லலாம். புத்தகத்துக்குள் எதையும் வெட்டவோ ஒட்டவோ திருத்தவோ எங்களுக்கு உரிமையில்லை. விசாரிப்பது புத்தகத்தை, எழுதியவரை அல்ல. முறைப்பாடு செய்தவரின் பெயரை வெளியே சொல்லக்கூடாது.

குழுவுக்குத் தலைவி மார்கரெட். நெட்டையான பெண்மணி. காலநிலை எதுவானாலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. எந்தப் புத்தகத்தையும் நல்லது என்றோ கெட்டது என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது ஒரு புத்தகத்தைத் திட்டினாலும் புகழ்ந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பக்கம்?" பக்கம் சொல்ல முடியாதவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எதிரில் இருப்பவர் குரலை உயர்த்தினால் மார்கரெட் தன் குரலைத் தாழ்த்துவார். கடைசியில் எதிரிலிருப்பவரும் தாழ்த்த, இருவர் பேசுவதும் யாருக்கும் கேட்காது. தீர்ப்பை அவரே பென்சிலால் எழுதுவார். எழுதி முடித்ததும் அதிலுள்ள பெயரடைகளை ஒவ்வொன்றாக அழிப்பார். 'மிகச் சிறந்த வரலாற்று நூல்' என்று நான் எழுதிக் கொடுத்தது அவர் கையைத் தாண்டும்போது 'நூல்' என்று மட்டும் மிஞ்சியிருந்தது.

முதல் வழக்கில் முறைப்பாடு செய்தவர் வேர்ஜினியாவிலிருந்து குடிவந்த ஒரு கனவான். பிள்ளைகளுக்கான ஆங்கில வரலாற்று நூலொன்றில், மூன்றாவது ஜனாதிபதி தான் அடிமையாக வைத்திருந்த ஒரு பெண்ணுக்குப் பிள்ளைகள் கொடுத்தார் என்று இருந்தது. ஒரு மகானை அவமதிக்கிறார்கள், புத்தகத்தை நீக்குங்கள் என்றார். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டிருந்ததால் புத்தகம் இருந்தது. அடுத்த வழக்கில் வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். அதே தட்டில், இரண்டு புத்தகம் தள்ளியிருந்த இன்னொன்றில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆகவே நீக்குங்கள் என்றார். அது ஜனாதிபதி கட்டிய வீட்டின் கட்டடக்கலை பற்றிய நூல். அதுவும் இருந்தது. இரண்டு பேரும் எங்களைக் கோழைகள் என்று எழுதினார்கள். மார்கரெட் இரண்டு கடிதங்களையும் ஒரே கோப்பில் வைத்தார்.

ஒன்றைச் சொல்லவேண்டும். நூலகக்காரர்களுக்கு அந்த மனிதர்மேல் ஒரு பலவீனம் உண்டு. இருநூறு வருடங்களுக்கு முந்திய ஒரு போரில் அமெரிக்கர்கள் வந்து இந்த ரொறன்ரோவை எரித்தார்கள். பிறகு பிரித்தானியர் போய் அவர்களுடைய தலைநகரை எரித்தார்கள், அங்கிருந்த நூலகத்தோடு. அப்போது கிழவராயிருந்த மூன்றாவது ஜனாதிபதி தன் சொந்தப் புத்தகங்களை எல்லாம் வண்டிகளில் ஏற்றி அனுப்பினார். இலவசமாக இல்லை, விலைக்குத்தான். இருந்தாலும் அனுப்பினார். நூலகம் எரிவது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எரிந்த இடத்துக்குப் புத்தகம் அனுப்பிய ஒருவரைக் கெட்டவர் என்று சொல்ல என் மனம் இலேசில் இடம் கொடுக்காது. குழுவில் இதை நான் சொல்லவில்லை. அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

மூன்றாவது வழக்கு தமிழில் வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரேணுகா என்ற பெண் என் மேசைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் தாதி. மோர்னிங்சைட்டில் வீடு. சின்ன வயதில் இங்கே வந்தவர். கணவர் மார்லன் ஜமேக்காக்காரர், அங்கே அடிமைகளாக்கிக் கொண்டுபோகப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்தவர், பஸ் திருத்துபவர். ஒன்பது வயது மகள் அமாரா சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். இவ்வளவையும் பிறகுதான் அறிந்தேன். பெயர் போட்டு எழுத அவரே அனுமதி தந்தார். அவர் முதலில் சொன்னது இதுதான்:

"அக்கா, உந்தப் புத்தகத்தை எடுத்துப்போடுங்கோ."

மேசையில் அவர் வைத்தது 'உலகம் போற்றும் பெருந்தலைவர்கள்' வரிசையில், மூன்றாவது ஜனாதிபதி பற்றிய சிறுவர் புத்தகம். சென்னையில் அச்சடித்தது. எழுதியவர் பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கும் தர்மகுலசிங்கம். ஊரில் தமிழ் படிப்பித்தவர், இங்கே தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். எங்கள் எல்லோருக்கும் தர்மு அண்ணை. செவ்வாயும் சனியும் பஸ் மாறி மாறி வந்து, எங்கள் கிளையின் ஜன்னலோரத்தில் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பார்.

"என்ன பிரச்சினை?" என்று கேட்டேன்.

"மகள் எழுத்துக் கூட்டி வாசிச்சுக்கொண்டிருந்தவள். 'அவருடைய பண்ணையில் வேலைக்காரர்கள் மகிழ்ச்சியாகப் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள்' எண்டு கிடக்கு. மார்லன் பக்கத்தில இருந்தவர். பிள்ளை தமிழ் வாசிக்கிற சந்தோசத்தில, என்ன கதை எண்டு கேட்டார். அவள் இங்கிலீசில சொன்னாள். ஹாப்பி சேர்வன்ற்ஸ், டாடி, எண்டு."

"அவர் என்ன சொன்னவர்?"

"எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினார். அது கழுவி வைச்ச கோப்பை." ரேணுகா புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "வேற ஆரும் சொன்னா இவ்வளவு நொந்திராது, அக்கா. என்ர பிள்ளை சொன்னவள். தமிழ் படிச்சுச் சொன்னவள்."

எழுதிக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார்.

குழுவில் மற்ற இருவருக்கும் தமிழ் தெரியாது. மார்கரெட்டோடு இருந்தவர் டேவிட், சிறுவர் பகுதிக்குப் பொறுப்பானவர். அட்டை முதல் அட்டை வரை வாசிக்கவேண்டும் என்பது விதியானபடியால், முழுப் புத்தகத்தையும் நான் வரிவரியாக ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. இரண்டு பின்னேரங்கள் எடுத்தன. மார்கரெட் கையிலும் ஒரு பிரதி இருந்தது. நான் பக்கம் புரட்டும்போது அவரும் புரட்டினார். ஓரெழுத்தும் தெரியாமல் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

தர்மு அண்ணையின் தமிழ் நல்ல தமிழ். எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்ற வசனத்தை அந்த ஜனாதிபதி எழுதிய அத்தியாயம் ஒரு போர்க்கள வர்ணனை மாதிரி இருந்தது. அதை வாசிக்கும்போது என் குரல் மாறியதாக டேவிட் பிறகு சொன்னார். அதற்கு அடுத்த அத்தியாயத்தில்தான் வேலைக்காரர்கள் பாடினார்கள்.

டேவிட் சொன்னார்: "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள். அவரை இன்றைய கண்ணால் பார்க்கலாமா?"

"அந்த எல்லோருக்குள் அந்த வேலைக்காரர்களும் அடக்கமா?" என்று மார்கரெட் கேட்டார். விவரம் அறியக் கேட்பது போலத்தான் கேட்டார். டேவிட் தன் குறிப்பில் எதையோ வெட்டினார்.

பிறகு மார்கரெட் என்னிடம் திரும்பினார். "தமிழில் அடிமைக்குச் சொல் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"எழுதியவருக்கு அது தெரியுமா?"

"அவர் தமிழ் ஆசிரியர்."

"அப்படியென்றால் ஏன் போடவில்லை?"

"தெரியாது."

"தெரியாது என்றால் தீர்ப்பில் எழுத முடியாது" என்று சொல்லி மார்கரெட் அன்றைய கூட்டத்தை முடித்தார்.

முறைப்பாடு செய்தவரின் பெயரை எழுதியவருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எழுதியவரிடம் முறைப்பாட்டாளர் தானே போவதைத் தடுக்கவும் எனக்கு உரிமை இல்லை. அடுத்த சனிக்கிழமை, மகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு ரேணுகா உள்ளே வந்தார். பின்னட்டையில் தர்மு அண்ணையின் படம் இருந்தது. ஜன்னலோரத்தில் அதே முகம் இருந்தது. நேரே போனார். நான் கையிலிருந்த வேலையை அந்தப் பக்கத்துத் தட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அங்கிள், நீங்கள்தானே இதை எழுதினது?"

தர்மு அண்ணை எழுந்தே விட்டார். வாசகர் ஒருவர் தேடி வந்தது அதுதான் முதல் தடவை போல. "ஓம் பிள்ளை, நான்தான். எந்த அத்தியாயம் பிடிச்சது?"

ரேணுகா பாடும் வேலைக்காரர்களைத் திறந்து காட்டினார். "இவைக்கு அவர் சம்பளம் குடுத்தவரே?"

"இல்லை."

"வேண்டாம் எண்டு விட்டிட்டுப் போக ஏலுமே?"

"ஏலாது."

"அப்ப ஏன் வேலைக்காரர்? தமிழில சொல் இல்லையே?"

தர்மு அண்ணை கதிரையில் இருந்தார். பத்திரிகையை மடித்தார். மடித்த பத்திரிகையை இன்னொருமுறை மடித்தார்.

"சொல் இருக்குப் பிள்ளை. அதை நான் எழுதுறேல்லை."

"ஏன்?"

"என்ர அப்பப்பாவை ஊரில ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்ன வீட்டு அடிமை எண்டுதான் கூப்பிட்டவை. சட்டம் எப்பவோ மாறீட்டுது. சொல் மாறேல்லை. நான் படிச்சு, வாத்தியாராப் போன முதல் நாள், பின்வாங்கில இருந்த பெடியன் ஒருத்தன் மெல்லமா அந்தச் சொல்லைச் சொன்னவன். நான் கேளாத மாதிரிப் பாடத்தைத் தொடங்கினன்." மடித்த பத்திரிகையைத் தள்ளி வைத்தார். "சின்னப் பிள்ளையளின்ர புத்தகத்தில அதைப் போட எனக்குக் கை வரேல்லை. அந்தச் சனத்தை ஒரு மரியாதையா எழுதுவம் எண்டுதான் நினைச்சன்."

எங்கள் வீட்டார் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் பக்கம் அல்ல, சொன்னவர்கள் பக்கம். தர்மு அண்ணையை எத்தனையோ வருடமாகத் தெரியும். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறேன். அவர் ஊரைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். ஏன் மாற்றுகிறார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. தட்டில் ஒழுங்காக இருந்த புத்தகங்களை மீண்டும் ஒழுங்காக்கினேன்.

ரேணுகா எதிர்க் கதிரையில் இருந்தார். கோபத்தோடு வந்தவருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தணிந்த குரலில் சொன்னார்:

"நீங்கள் மரியாதையாத்தான் எழுதியிருக்கிறீங்கள், அங்கிள். ஆனா அந்த மரியாதை சனத்துக்குப் போய்ச் சேரேல்லை. அவையை வைச்சிருந்த ஜனாதிபதிக்குத்தான் போய்ச் சேந்திருக்கு."

வகுப்பு விடும் நேரமானதால் ரேணுகா எழுந்து போனார்.

திங்கட்கிழமை நான் மார்கரெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

"எந்தப் பக்கத்திலும் இல்லை."

"அப்படியென்றால் தீர்ப்பில் இல்லை." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழும்பும்போது, "எனக்குச் சொன்னதற்கு நன்றி" என்றார். அவர் நன்றி சொன்னது எனக்கு ஞாபகத்தில் இருப்பது அந்த ஒரு தடவைதான்.

தீர்ப்பு இரண்டு வரி. பிள்ளைகளுக்கான நூல் என்ற வகையில், அந்த அத்தியாயத்தில் இருப்பது நடந்ததற்கு மாறானது. ஆகவே சிறுவர் பகுதியிலிருந்து பெரியவர்களுக்கான தமிழ்த் தட்டுக்கு இடம் மாறட்டும். இதே விஷயத்தைச் சரியாகச் சொல்லும் வேறொரு தமிழ்ப் புத்தகத்தைச் சிறுவருக்கு வாங்கும்படி மார்கரெட் என்னைக் கேட்டுக்கொண்டார். சென்னைக்கும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எழுதினேன். அப்படியொரு புத்தகம் கிடைக்கவில்லை.

இருவருக்கும் தீர்ப்புப் பிடிக்கவில்லை. ரேணுகா தொலைபேசியில், "பெரிய ஆக்கள் பிழையா வாசிச்சாப் பரவாயில்லையோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு எங்கள் நடைமுறையில் பதில் இல்லை. புத்தகத்தில் ஏதும் மாறினால் தனக்குச் சொல்லும்படி கேட்டு வைத்துவிட்டார். தர்மு அண்ணை தன் புத்தகத்தைப் பெரியவர்களின் தட்டில், நீரிழிவுக்கும் சோதிடத்துக்கும் நடுவில் கண்டார். எங்களிடம் இருந்த தட்டு ஒன்றுதான். பார்த்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரவில்லை. குளிர்காலம் முழுக்க ஜன்னலோரக் கதிரையில் வேறு யாரோ இருந்தார்கள். பத்திரிகைகள் மடிபடாமல் கிடந்தன. வருத்தமாக இருப்பாரோ, கோபமாக இருப்பாரோ என்று கேட்க எனக்கு ஒரு வழி இருந்தது. தொலைபேசி எண் தெரியும். எடுத்து என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பனி கரைந்த பிறகு ஒரு நாள் வந்தார். இளைத்திருந்தார். கையில் இரண்டாம் பதிப்பு.

"ஏதும் வருத்தமோ, அண்ணை? சுகமில்லாம இருந்தனீங்களே?"

"ஓம். உந்த அத்தியாயம்தான் வருத்தம்" என்றார். "எழுதுறதும் கிழிக்கிறதுமா இருந்தனான். மருமகள் டொக்டரிட்டப் போவம் எண்டு நிண்டவ."

பழைய பதிப்பின் இடத்தில் புதிய பதிப்பு வந்தால், சிறுவர் பகுதிக்குத் தகுதியா என்று புதிதாகப் பார்க்கலாம். அதுவும் நடைமுறையில் உள்ளதுதான். நான் ரேணுகாவுக்கு அறிவித்தேன். சனிக்கிழமை வந்தார். ஜன்னலோரத்தில் தர்மு அண்ணை இருந்தார். ரேணுகா புத்தகத்தை வாங்கி நின்றபடியே அந்த அத்தியாயத்தைத் திறந்து வாசித்தார். வாய்க்குள் வாசிக்கத் தொடங்கியவர் பாதியில் சத்தமாக வாசித்தார்.

"'எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய அதே கையால் அவர் நூற்றுக்கணக்கான மனிதரை அடிமையாக வைத்திருந்தார். அவர்களுக்குப் பெயர்கள் இருந்தன. அவர் இறந்தபின், அவருடைய கடனுக்காக அவர்களில் பெரும்பாலோர் ஏலத்தில் விற்கப்பட்டார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் போனது.'"

பாட்டு இல்லை. வேலைக்காரர் என்ற சொல் அத்தியாயத்தில் எங்குமே இல்லை.

"சொல்லைப் போட்டிருக்கிறீங்கள்" என்றார் ரேணுகா.

"அவையின்ர தலையில வைக்கேல்லைப் பிள்ளை. வடிவாப் பாருங்கோ. அவையை அடிமை எண்டு ஒரு இடத்திலயும் சொல்லேல்லை. வைச்சிருந்தார் எண்டுதான் சொல்லியிருக்கிறன். அது அவர் செய்த வேலை. அவரே சுமக்கட்டும்."

ரேணுகா அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தார். இந்தமுறை சத்தமில்லாமல். அவருடைய விரல் வரிகளுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது, அமாரா வாசிப்பது போல. முடித்ததும் கண்ணைத் துடைத்தார் என்று எழுதலாம். துடைத்தார்தான். ஆனால் உடனே புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தார்.

"அங்கிள், அட்டையில இன்னும் 'உலகம் போற்றும் பெருந்தலைவர்' எண்டு கிடக்கு."

"ஓம், கிடக்கு."

"இவ்வளவும் எழுதிப்போட்டும்?"

"எழுதிப்போட்டும்தான். அந்த வசனம் அவர் எழுதினதுதானே பிள்ளை. பின்வாங்கில இருந்தவன் அந்தச் சொல்லைச் சொன்ன அண்டைக்கு நான் வேலையை விட்டிட்டுப் போயிருப்பன். எல்லாரும் சமம் எண்டு எங்கயோ ஒருத்தன் எழுதி வைச்சிருக்கிறான் எண்டு எனக்குத் தெரிஞ்சிருந்தது. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் அந்தப் பாடத்தை முடிச்சன். எழுதினவன் ஆர், எப்பிடிப்பட்டவன் எண்டு அப்ப தெரியாது. தெரிஞ்ச பிறகும் அந்தக் கடன் எனக்குக் கிடக்கு."

"மார்லனுக்கு அந்தக் கடன் இல்லை."

"இல்லை" என்று தர்மு அண்ணை ஒத்துக்கொண்டார். "அவருக்கு இல்லை."

"அப்ப நான் அட்டையைப் பற்றித் திரும்பவும் எழுதிக் குடுப்பன்."

"குடுங்கோ. நான் மாத்தமாட்டன்."

"பரவாயில்லை. குடுப்பன்."

ரேணுகா என்னைப் பார்த்தார். நான் முறைப்பாட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தேன். எழுத இடம் தேடினார். சனிக்கிழமையானபடியால் மேசைகள் நிறைந்திருந்தன. தர்மு அண்ணை தன் பத்திரிகைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, எதிர்க் கதிரையை வெளியே இழுத்துவிட்டார். ரேணுகா இருந்தார். கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினார். பேனை அகப்படவில்லை. தர்மு அண்ணை சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.